மலையைப் பார்த்து நின்ற பாய்லர்

எங்கள் லாட்ஜின் மொட்டை மாடியில் இருந்த பாய்லருக்குத் தினமும் மலை தரிசனம் கிடைத்தது. லாட்ஜில் தங்க வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அது கிடைக்காது. அவர்கள் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து லாட்ஜின் ஜன்னல் தெரியும். அங்கேயும் யாராவது ஒருவர் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு மலையைத் தேடிக்கொண்டிருப்பார்.

நான் அந்த லாட்ஜில் பெட்ஷீட், டவல், சோப்பு, அறை சுத்தம் இதையெல்லாம் பார்த்துக்கொள்கிறேன். பத்தாவது வரை படிப்பு. கீழ்பென்னாத்தூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்துவிடுவேன். யாரிடமும் அதிகம் பேச வேண்டியதில்லை என்பதற்காகவே இந்த வேலையைப் பிடித்துக்கொண்டேன். தங்க வருகிறவர்கள் ஏதாவது கேட்டால் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். கேட்டது வந்து சேர்ந்துவிடும். அந்தம்மாவுக்குப் பேச்சு வராது போல, பாவம் என்று ஒரு குடும்பம் எனக்காகக் கோயிலில் விளக்குப் போட்டுவிட்டு வந்ததாக மேனேஜர் ஒருநாள் சொன்னார். வேண்டாம் என்று சொல்வதற்கும் பேச வேண்டும் என்பதால் விட்டுவிட்டேன்.

எங்கள் முதலாளி பக்திமான். இந்த ஊரில் லாட்ஜ் வைத்திருக்கிற எல்லோருமே பக்திமான்கள்தான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அது இன்னும் கொஞ்சம் கூடும். ஆனால் எங்கள் முதலாளிக்கு என்று தனியாக ஒரு விரதம் இருந்தது. மலைக்கு முதுகைக் காட்ட மாட்டார். மொட்டை மாடிக்கு வந்தால் திரும்பிப் போகும்போது படிக்கட்டு வரை பின்பக்கமாகவே நடப்பார். கொடிக்கயிற்றில் ஈர பெட்ஷீட் தொங்கும்போது அவர் அப்படி நடந்து வந்து, சுருண்டு, தடவித் தடவி வெளியே வருவதை நாங்கள் பார்க்காத மாதிரி பார்ப்போம். லாட்ஜிலும் எல்லாமே மலையைப் பார்த்துத்தான். ரிசப்ஷன் மேஜையும் அப்படியே. வாசல் கிழக்கே, மலை மேற்கே. அதனால் உள்ளே வருகிறவர்கள் முதலில் பார்ப்பது மேனேஜரின் பின்மண்டையைத்தான். அவரும் கழுத்தை மட்டும் திருப்பித் திருப்பி ரூம் சாவி கொடுத்துக் கொடுத்து, கழுத்துக்கு ஒரு பட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

பாய்லர் வருவதற்கு முன்னால் சோலார் இருந்தது. சித்திரை வெயிலில், ஒருவரும் வெந்நீர் கேட்காத மாதத்தில், அது கொதிக்கக் கொதிக்கக் கொடுக்கும். கார்த்திகை மழையில், ஊரே வெந்நீர் கேட்கிற நேரத்தில், எங்களைப் போலவே வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கும். வாசலில் இருபத்து நான்கு மணி நேரமும் வெந்நீர் என்று போர்டு வேறு. ஒரு மார்கழியில் தங்க வந்தவர்களோடு சண்டை முற்றிப் போய் முதலாளி கரண்டில் ஓடுகிற பெரிய பாய்லர் ஒன்றை வாங்கினார். மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போட்டு, சிமெண்டில் மேடை கட்டி, ஆளுயரத்துக்கு மேலே இருந்த அந்த உருளையை ஏற்றி உட்கார வைத்தார்கள்.

பாய்லருக்கு முகம் உண்டு என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அழுத்தம் காட்டுகிற முள், சூடு காட்டுகிற முள், ஒரு சின்ன லீவரோடு சேஃப்டி வால்வு, கீழே கசடு விடுகிற குழாய், எல்லாம் ஒரே பக்கத்தில். கம்பெனியிலிருந்து வந்த சர்வீஸ்காரர் அந்த முகம் கொட்டகையின் வாசலைப் பார்க்கும்படி வைத்திருந்தார். பிறகு எங்களையெல்லாம் கூப்பிட்டு நிற்க வைத்துப் பாடம் எடுத்தார். உள்ளே அழுத்தம் ஜாஸ்தியானால் அந்த வால்வு தானாகத் திறந்து வெளியே விட வேண்டும். நம் ஊர்த் தண்ணீர் உப்புத் தண்ணீர், சுண்ணாம்பு படிந்து வால்வு அடைத்துக்கொண்டால் பாய்லர் பாய்லராக இருக்காது, வெடியாகிவிடும். அதனால் மாதம் ஒரு தடவை லீவரைத் தூக்கிப் பார்க்க வேண்டும், கீழ்க் குழாயைத் திறந்து கசடை விட வேண்டும், வருடம் ஒரு தடவை அவரைக் கூப்பிட வேண்டும். அவ்வளவுதான், குழந்தைகூடச் செய்யும் என்றார்.

முதலாளி அப்போதுதான் மேலே வந்தார். பாய்லரைச் சுற்றி வந்தார். முகம் வாடிவிட்டது.

"மலைக்கு முதுகு காட்டிகினு நிக்குதே," என்றார்.

சர்வீஸ்காரர் வெளியூர். இது பாய்லர்தாங்க என்று சொல்லிப் பார்த்தார். எங்கள் ஊரில் அதெல்லாம் ஒரு பதிலே இல்லை. அன்று சாயங்காலத்துக்குள் பாய்லரைத் திருப்பினார்கள். சிமெண்டு மேடையைத் திருப்ப முடியாது, அது மேற்குச் சுவரை ஒட்டிக் கட்டியது. ஆகவே முகத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முழம் இடம்தான் மிஞ்சியது. சுவர் மறைக்கிறதே, பாய்லர் எப்படி மலையைப் பார்க்கும் என்று அடுத்த கவலை வந்தது. சுவரை உடைத்துக் கம்பி போட்டு ஒரு ஜன்னல் வைத்தார்கள். லாட்ஜில் மலை தெரிகிற ஜன்னல் கேட்டு எத்தனையோ பேர் கெஞ்சியிருக்கிறார்கள். கேட்காமலே கிடைத்தது பாய்லருக்கு.

அதற்குப் பிறகு மாதப் பராமரிப்பு யார் தலையில் விழுந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. மேனேஜர் முதல் மாதம் போய்ப் பார்த்தார். அவருடைய தோள் போனது, வயிறு போகவில்லை. வெளியே வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "யக்கா, ஒங்களுக்கு ஒடம்பு கம்மி. நீங்க போனா கரெக்டா இருக்கும்," என்றார். என் உடம்பைப் பற்றி வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கவாட்டில் நுழைவேன். ஜன்னல் கம்பி முதுகில் குத்தும், பாய்லரின் முகம் மூக்கில் இடிக்கும். முள் காட்டுகிற எண்ணை அங்கிருந்தே சொல்வேன், மேனேஜர் வெளியே நின்று ம், ம் என்பார். முதல் மாதம் சொன்னபடியே லீவரையும் தூக்கினேன். சுடுதண்ணீர் பீய்ச்சிக்கொண்டு சுவரில் அடித்து, தெறித்து, காய்ந்து கிடந்த டவல்களில் பாதியை நனைத்துவிட்டது. கீழ்க் குழாயைத் திறந்ததில் கொட்டகை முழுக்க வெள்ளைச் சேறு. "செவனேன்னு கீறத எதுக்குக்கா தூக்கினு? வேணாம் வுடுங்க," என்று மேனேஜர் சட்டம் போட்டுவிட்டார். அன்றிலிருந்து லீவர் யாரும் தொடாமல் மடியாக இருந்தது.

பிறகு என்னைக் கூப்பிடுவதும் தொல்லை என்று மேனேஜர் ஜன்னல் கம்பியில் ஒரு கண்ணாடியைக் கட்டினார். வெளியிலிருந்து எட்டிப் பார்த்தால் முள் கண்ணாடியில் தெரியும். எண்களெல்லாம் இடம் வலமாகத் திரும்பித் தெரிந்தன, அதனால் முள் ஏறும்போது இறங்குவதாகச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார். ஒரு வாரத்தில் குரங்கு ஒன்று கம்பி வழியாகக் கையை விட்டுக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டது. பக்கத்துக் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து நாள் முழுக்க முகம் பார்த்தது. எங்கள் பாய்லர் பராமரிப்பில் பலனடைந்தது அது ஒன்றுதான்.

அதற்காகப் பாய்லரை யாரும் கவனிக்கவில்லை என்று சொல்லிவிடக் கூடாது. வெள்ளிக்கிழமை தவறாமல் கற்பூரம் காட்டினோம். ஆயுத பூஜைக்குத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டோம். முகம் கைக்கு எட்டாததால் எல்லாம் முதுகில்தான். முதுகில் மூன்று வருடத்துப் பொட்டுகள் வரிசையாக இருந்தன. புதிதாகப் பார்க்கிறவர்கள் அதைத்தான் முகம் என்று நினைத்துக் கும்பிடுவார்கள்.

எங்கள் லாட்ஜில் துணி துவைக்கிற அக்கா ஒருவர் இருக்கிறார். என்னைவிடப் பத்து வயது பெரியவர். எனக்குச் சேர்த்து அவரே பேசிவிடுவார், அதனால் எங்களுக்குள் ஒத்துப்போயிற்று. மழைக்காலத்தில் மாடியில் எதுவும் காயாது. கொட்டகைக்குள் கயிறு கட்டி, பாய்லர் சூட்டில்தான் டவல்களைக் காய வைப்போம். அக்கா அங்கேயே பலகையைப் போட்டு, மடித்துக்கொண்டு, பாய்லரின் முதுகில் தன் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பார். இத்தனை வருடம் குனிந்து துவைத்த இடுப்பு. "டாக்டரு மருந்து எழுதுனாரு, கேக்கல. இது சும்மா ஒத்தடம் குடுக்குதுடி," என்பார். காலையில் உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எழுவார்.

போன கார்த்திகைக்கு முன்பு, மழை பிடித்துக்கொண்ட நாட்களில், பாய்லர் சத்தம் போட ஆரம்பித்தது. உள்ளே யாரோ கூழாங்கல்லை உருட்டுவது போல ஒரு சத்தம். கீழே அறைகளில் குழாயைத் திறந்தால் முதலில் இருமும், பிறகு காறும், பிறகு ஆவியைத் துப்பும், கடைசியாகத் தண்ணீர் வரும். தீபம் நெருங்குகிறது, அண்ணாமலையார் உறுமுகிறார் என்று மேனேஜர் தங்க வந்தவர்களிடம் சொல்லிச் சமாளித்தார். சிலர் அதை நம்பிப் பாய்லரைப் பார்க்க மேலே ஏறி வந்தார்கள்.

யாரும் சொல்லாமல் நானே ஒருநாள் உள்ளே நுழைந்தேன். அழுத்தம் காட்டுகிற முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி நின்றது. லீவரைத் தூக்கினேன், அசையவில்லை. இரண்டு கையாலும் தூக்கினேன். வால்வைச் சுற்றித் தேங்காய்ப் பத்தை கனத்துக்கு வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்து, லீவரையும் அதையும் ஒன்றாகப் பூசிவிட்டிருந்தது. பாய்லருக்கு அந்தப் பக்கம் அக்கா சாய்ந்து உட்கார்ந்து ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தது கேட்டது. எனக்கும் அவருக்கும் நடுவில் அந்த உருளை மட்டும்தான்.

வெளியே வந்து, அங்கே உட்காராதீர்கள் என்றேன். காரணத்தையும் சொன்னேன். அக்கா சிரித்துவிட்டார். சாமி பாத்துகினு கீற பாய்லருடி இது, வெடிக்குமா என்று கேட்டார். அவர் இடுப்பு அவருக்கு. நான் சொன்னதை நம்ப வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அதுவரை நான் சொன்ன எதையும் யாரும் நம்ப வேண்டியிருந்ததில்லை, சொன்னதே இல்லையே.

அக்கா அதில் சாய்ந்து உட்காருவதையும் சேர்த்து மேனேஜரிடம் சொன்னேன். தீபம் முடியட்டும் என்றார். எங்கள் ஊரில் தீபம் முடிந்தால் சபரிமலைக்குப் போகிறவர்கள் வருவார்கள். பச்சைத் தண்ணீரில் குளிக்கிற விரதம்தான், ஆனாலும் வெந்நீர் வருமா என்று காதோடு கேட்பார்கள். அது முடிந்தால் பொங்கல் லீவு. நடுவில் நடுவில் பௌர்ணமி. ஏதாவது ஒன்று முடிய வேண்டும் என்று காத்திருந்தால் மலை கரைகிற வரை காத்திருக்க வேண்டும். இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை, மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அங்கேதான் நான் நன்றாகப் பேசுவேன்.

முதலாளியிடமும் போய் நின்றேன். வால்வு அடைத்துக்கொண்டது, வெடித்துவிடும் என்கிற அளவுக்கு வாய் திறந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு மலைப் பக்கம் கையைக் காட்டினார். அண்ணாமலையார் பார்த்துக்கொள்வார் என்று அர்த்தம். பாய்லர் அவரைப் பார்ப்பது எனக்குத் தெரியும். அவர் பாய்லரைப் பார்ப்பது பற்றித்தான் எனக்குச் சந்தேகம்.

ஆனால் மேனேஜருக்கும் உள்ளுக்குள் பயம் இருந்திருக்க வேண்டும். சர்வீஸ்காரருக்குப் போன் போட்டார். அவரும் வந்தார். மூன்று வருடத்தில் அவரும் நன்றாகத் தழைத்திருந்தார். இடுக்கில் ஒரு கையை மட்டும் விட்டுப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார். கடைசியில் அவருடைய போனை என்னிடம் கொடுத்து உள்ளே அனுப்பினார்கள். பாய்லரின் முகத்தை நான் வீடியோவில் காட்ட, ஐந்தடி தள்ளி நின்று மேனேஜர் போனில் அவர் பார்த்தார். பார்த்தவர் முகம் மாறிவிட்டது. இதை இப்போதே நிறுத்த வேண்டும், தண்ணீரை வடித்து, திருப்பிப் போட்டு, வால்வை மாற்றி, உள்ளே ஹீட்டரில் படிந்ததைச் சுரண்ட வேண்டும், இரண்டு நாளாகும் என்றார். கொடியேற்றத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை, இரண்டு நாள் நிறுத்தினால் என் வேலை போய்விடும் என்றார் மேனேஜர். திருப்பிப் போடுவதா, அதை முதலாளியிடம் யார் சொல்வது என்றும் கேட்டார். சர்வீஸ்காரர் கோயிலுக்குப் போய் தரிசனம் முடித்துவிட்டு, சர்வீஸ் ஆனது என்று ஸ்டிக்கர் ஒன்றைப் பாய்லரின் முதுகில் பொட்டுகளுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு பஸ் ஏறிவிட்டார். அக்கா ஸ்டிக்கரைப் பார்த்துத் திருப்தியாகி மறுபடியும் சாய்ந்து உட்கார்ந்தார்.

மறுநாள் காலை நான் வந்தபோதும் முள் அங்கேயேதான் நின்றது. அக்கா பலகையை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நான் படிக்கட்டுப் பக்கம் போய்ப் பாய்லரின் மெயின் ஸ்விட்சை இறக்கி, ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கி, மடித்த டவல்களுக்குள் செருகி, டவல் கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அன்று இரண்டு பஸ் நிறைய ஆந்திராக்காரர்கள் தங்கியிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லா மாடியிலிருந்தும் வேடி நீள்ளு, வேடி நீள்ளு என்று குரல் ஏறி வந்தது. வெந்நீருக்குத் தெலுங்கு அது. எனக்குத் தெரிந்த தெலுங்கும் அவ்வளவுதான், அதையே அத்தனை பேரும் சொன்னார்கள். மேனேஜர் கழுத்துப் பட்டையோடு ஓடி வந்தார். கெஞ்சினார், மிரட்டினார். நான் டவலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோயிலில் இருந்த முதலாளிக்குப் போன் போனது. நெற்றியில் விபூதி காயாமல் வந்து சேர்ந்தார்.

யார் நிறுத்தியது என்று கேட்டார். பஸ்ஸில் வரும்போதே நான் நிறைய வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். அழுத்தம், சுண்ணாம்பு, அக்காவின் உயிர், எல்லாம் வரிசையாக இருந்தன. வாயில் வந்தது கொஞ்சம்தான்.

"நான்தாங்க. நீங்க ஒரு தபா உள்ள வந்து பாருங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் பேசியதைக் கேட்ட அதிர்ச்சியாகவும் இருக்கலாம். பிரதோஷம், சோமவாரம் என்று பட்டினி கிடந்த உடம்பு, வேட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நுழைந்துவிட்டார். எதைப் பாக்கணும் என்று உள்ளேயிருந்து கேட்டார். அந்த லீவரைத் தூக்குங்க என்றேன். அவர் பாய்லரின் முகத்துக்கு நேராகத் திரும்பி, முக்கி முக்கித் தூக்குவது கேட்டது. அக்கா பலகையிலிருந்து எழுந்து போய் இடுக்கில் எட்டிப் பார்த்தார்.

"இன்னாங்க மொதலாளி, மலைக்கு முதுகு காட்டிகினு நிக்கிறீங்க," என்றார்.

உள்ளே சத்தம் நின்றது. பிறகு வேட்டி உரசுகிற சத்தம். அவர் திரும்பி மலையைப் பார்த்து நின்றார். மூக்கு ஜன்னல் கம்பியில் பட்டது, வால்வு முதுகில் குத்தியது. ஒருக்களித்து நின்று பார்த்தார், மலையும் தெரியவில்லை, முள்ளும் தெரியவில்லை. மறுபடி பாய்லரைப் பார்த்தார், மறுபடி மலையைப் பார்த்தார். ஒரு முழ இடத்தில் அவர் அத்தனை தடவை சுற்றினதே பெரிய வேலை.

"நீ எப்டிம்மா நிப்ப இங்க?" என்று கேட்டார்.

"அப்டித்தாங்க. முதுகு காட்டிதான் நிக்கணும்."

"எத்தினி நாளா?"

"பாய்லர் வந்ததுலருந்து."

வெளியே வந்ததும் மலையைப் பார்த்து இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். "மொதல்லியே சொல்லக் கூடாதா? எவ்ளோ பெரிய பாவம்," என்றார். மேனேஜரும் ஆமாம் ஆமாம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். பாய்லர் வெடிக்கும் என்று நான் சொன்னபோது யாரும் கன்னத்தைத் தொடவில்லை. ஒரு பெண் அதன் மேல் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள் என்றபோதும் தொடவில்லை. ஆனாலும் நான் குறை சொல்லவில்லை. அக்கா பிழைப்பதற்கு எந்தக் காரணமாக இருந்தால் என்ன.

பாய்லரைத் திருப்பிவிடச் சொல்லி முதலாளியே போன் போட, அன்று மத்தியானமே சர்வீஸ்காரர் ஆட்களோடு திரும்பி வந்தார். ஆந்திராக்காரர்களுக்கு அண்டாவில் தண்ணீர் காய்ச்சி, பக்கெட் பக்கெட்டாகத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தோம். ஒருவரும் சண்டை போடவில்லை. அண்டாத் தண்ணீர்தான் உடம்புக்கு நல்லது என்று சொல்லி இன்னொரு பக்கெட் கேட்டார்கள். பாய்லரைக் காலி செய்து, முகத்தை வாசல் பக்கம் திருப்பினார்கள். உள்ளேயிருந்து வந்த ஹீட்டர் கம்பிகள் கம்பி மாதிரியே இல்லை, சுண்ணாம்பு பூசிய கரும்பு மாதிரி இருந்தன. பழைய வால்வைக் கழற்றிச் சுத்தியால் தட்டியபோதுகூட லீவர் அசையவில்லை. முதலாளி பாய்லரின் முதுகுக்கும் மலைக்கும் நடுவே ஜன்னலில் ஒரு சாமி படத்தை மாட்டி, யாரும் யாருக்கும் முதுகு காட்டாத மாதிரி ஏதோ கணக்கு நேர் செய்துகொண்டார்.

எல்லாம் மாட்டி, சூடேறிய பிறகு, சர்வீஸ்காரர் என்னைக் கூப்பிட்டு லீவரைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். பஸ்ஸில் டயர் வெடித்தது போல ஒரு சத்தம். ஆவியும் சுடுதண்ணீருமாகக் கொட்டகையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை பீய்ச்சி அடித்து, கயிற்றில் கிடந்த அத்தனை டவலையும் நனைத்தது. அக்கா பலகையைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டு வரை ஓடினார். அங்கே நின்று மூச்சு வாங்கினார்.

"இத்தையா முதுவுல வெச்சிகினு குந்தினு இருந்தேன்?" என்று கேட்டார். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு நனைந்த டவல்களைப் பார்த்துவிட்டு, மறுபடியும் இவ்வளவையும் யார் பிழிவது என்று எல்லோரையும் திட்ட ஆரம்பித்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

இப்போது அக்கா பாய்லரில் சாய்வதில்லை. இடுப்புக்கு மருந்துக் கடையில் ரப்பர் பை ஒன்று வாங்கி, அதில் வெந்நீர் பிடித்து வைத்துக்கொள்கிறார். மாதம் ஒரு தடவை லீவரைத் தூக்குகிற வேலை எனக்கே நிலைத்துவிட்டது. டவல்களை எடுத்து வைத்துவிட்டு, "தள்ளிக்கோங்க, தூக்கப் போறேன்," என்று ஒரு சத்தம் கொடுப்பேன். கீழே மூன்றாவது மாடி வரை கேட்கிறதாம். அதற்குள் அக்கா பலகையோடு படிக்கட்டில் இருப்பார்.